தாமிர வாலையும் தாழம்பூவும்

ஜின் என்னும் மதுபானத்திற்குப் பிறவியில் ருசி என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. தானியத்திலிருந்தோ கரும்புப் பாகின் கழிவிலிருந்தோ வடித்தெடுத்து மணம் பெரும்பாலும் நீக்கப்பெற்ற சாராயத்தில், ஜூனிப்பர் என்னும் குளிர்நாட்டுப் புதரின் காய்களையும், அவற்றோடு செய்பவரின் மனோதர்மத்திற்கேற்ற விதைகளையும் வேர்களையும் பழத்தோல்களையும் ஊறவைத்து, மறுமுறை தாமிரப் பாண்டத்தில் ஏற்றி ஆவியாக்கிக் குளிரவைத்தால், அந்த ஆவி சுமந்துகொண்டு வருகிற பரிமளம் எதுவோ அதுவே அந்தப் பானத்தின் முழு ஆஸ்தி. இந்த வசதியினால்தான் சமீப காலத்தில் உலகத்தின் பல மூலைகளிலும் சிறு வடிசாலைகள் தோன்றித் தத்தம் மண்ணின் வாசனையைச் சீசாவில் அடைக்கப் புறப்பட்டிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் மேற்கேயுள்ள ஹாரிஸ் தீவில் 2015ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டுவரும் ஜின்னில் அத்தீவின் கடற்பாசி சேர்கிறது. நம் தேசத்திலோ கோவா இந்தத் தொழிலின் தலைமைப்பட்டணம் ஆகிவிட்டது. அங்கே செய்யப்படும் 'ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்' வங்காளத்துக் கந்தராஜ எலுமிச்சையின் தோலையும் ஜாதிபத்திரியையும் மிளகையும் கொள்கிறது, 'ஹபூஸா' இமயமலையின் ஜூனிப்பரையே நாடிச் செல்கிறது, 'சம்சாரா' நம்முடைய வெட்டிவேரைக்கூட விட்டுவைக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மூத்தது தமிழருக்கு அண்டைவீட்டுச் சரக்காகக் கொழும்பில் இருக்கிறது. 1924இல் தொடங்கப்பெற்ற ராக்லேண்டு வடிசாலையார், இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய மூலிகைகள் வராமற்போகவே, இலங்கையில் கைக்கெட்டியவற்றைக்கொண்டு ஜின் வடிக்கத் துணிந்தார்கள் என்பது அந்தப் பானத்தின் பூர்வோத்தரம். கறுவாப்பட்டை, இஞ்சி, கொத்தமல்லி, இவற்றோடு கறிவேப்பிலை! 'கொழும்பு நம்பர் 7' என்னும் அதன் பெயரிலுள்ள ஏழு என்னும் எண், கறுவாத் தோட்டம் என வழங்கும் கொழும்பு ஏழாம் வட்டாரத்தைக் குறிப்பது. நண்பர் ஒருவர் வீட்டில் அதை முகர்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தபோது, முதலில் எழுந்தது ஜூனிப்பரின் தேவதாரு வாசம், அதன் பின்னால் கறுவா, அதற்கும் பின்னால், தாளிப்பு முடிந்து வெகுநேரம் ஆன சமையலறையைப்போல, ஓர் அடங்கிய பச்சை வாசனை. அதுதான் கறிவேப்பிலையா, அல்லது அது இருக்கிறதென்று முன்பே படித்துவிட்ட என் மூக்கின் கற்பனையா என்று தெளிவாகச் சொல்லக் கூடவில்லை. ஆனால், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலும் அதற்குத் தெற்கே பாலாற்று முகத்துவாரம் வரையிலும் நீளுகிற எங்கள் கடலோரத்தை இவ்விதம் வடித்தால் என்ன மணம் எழும் என்ற ஆசை அன்றே பிடித்துக்கொண்டது.

ஆசைக்கும் அடுப்புக்கும் இடையே சட்டம் நிற்கிறது. ராஜாஜி மந்திரிசபை 1937இல் இயற்றி, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவில் முதலில் அமலுக்குக் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம், மதுவிலக்கே தளர்ந்து டாஸ்மாக் கடைகள் தெருவுக்குத் தெரு தோன்றிய பின்னும் உயிரோடு இருந்துவருகிறது. உரிமமின்றி மது வடிப்பது மட்டுமன்று, வடிக்கும் நோக்கத்தோடு பாண்டம் வைத்திருப்பதே அதன்படி குற்றம். மேலும், 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்திலும் இதே செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயத்தால் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரம் எவர் நினைவிலிருந்தும் அகலவில்லை. அதற்குக் காரணம் வடிகலமாகிய வாலையன்று, ஆலைகளில் உபயோகமாகும் மெத்தனாலைச் சாராயமென்று விற்ற பாதகமே. ஆயினும் தாமிரக் குழாய் வைத்த பாண்டத்தைக் கண்டால் அண்டை வீட்டார் புருவம் உயர்த்துவது இயல்புதான். ஆகவே சாராயத்தின் பக்கமே போகாமல், சித்த வைத்தியர்கள் ஓமத் தீநீர் இறக்குகிற மார்க்கத்தில், சுத்த ஜலத்தில் மாத்திரம் மூலிகைகளைப் போட்டு வடித்துப் பார்ப்பதென்று தீர்மானித்துச் சிங்கப்பெருமாள் கோயிலில் என் வீட்டுக்கு ஒரு சிறிய வாலையைத் தருவித்தேன். இந்த விமர்சனம் அந்தக் கருவியைப் பற்றியது.

ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள வெங்காய வடிவான தாமிரக் கலம். அதன்மேல் பொருந்தும் கவிந்த தலை. தலையிலிருந்து கொக்கின் கழுத்துப்போல் வளைந்திறங்கும் குழாய். அக்குழாய் சுருண்டு சுருண்டு இறங்க ஒரு தாமிர வாளி. அடியில் நீர் சொட்டும் சிறு மூக்கு. இவ்வளவுதான். மின்சாரம் இல்லை, கட்டுப்பாட்டுப் பலகை இல்லை, கைப்பேசிச் செயலி இல்லை. தலையில் குத்திய உஷ்ணமானி ஒன்றே நவீன காலத்தின் சின்னம். கன்னோசியில் அத்தர் இறக்குவோரும், ஒடிசாவின் கஞ்சம் பகுதியில் தாழம்பூ வடிப்போரும் இன்றும் கையாளுகிற 'தேக்', 'பப்கா' என்னும் செம்புப் பாண்டங்களுக்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை. அங்கே மூங்கிற்குழாய், இங்கே தாமிரக்குழாய், அங்கே வாங்கும் பாண்டம் தொட்டி நீரில் மூழ்கிக்கிடக்கும், இங்கே சுருள் மூழ்கிக்கிடக்கிறது.

வேலைப்பாட்டைக் குறித்து என் அபிப்பிராயம் இரண்டுபட்டது. தகடு கனமானது, தட்டிய சுத்தியலின் தழும்புகள் கண்ணுக்கு அழகானவை, பற்றவைப்பில் ஓட்டை இல்லை. ஆனால் தலையும் கலமும் கூடும் பொருத்து சரியாக இழையவில்லை. முதல் கொதியிலேயே அவ்விடத்தில் ஆவி சீறிக்கொண்டு வெளியேறியது, வாசனையில் நல்ல பங்கு சமையலறைக் கூரைக்குப் போயிற்று. விற்றவரைக் கேட்டதற்குக் கோதுமை மாவைப் பிசைந்து அப்பும்படி மறுமொழி வந்தது. மாவும் உதவுகிறது, அதைவிட, வைத்தியர்கள் புடமிடும்போது செய்வதுபோல், களிமண் தோய்த்த துணியைச் சுற்றிச் சீலைமண் செய்வது நன்றாக உதவுகிறது என்பதைக் கண்டுகொண்டேன். இவ்வளவு விலை வாங்குகிற கருவிக்கு இந்த உபாயம் தேவைப்படலாமா என்பது வேறு கேள்வி. அடிப்பாகம் சற்றே குவிந்திருப்பதால் எரிவாயு அடுப்பின் கம்பிகளின்மேல் ஆடுகிறது. தாமிரமாகையால் சாதாரண இண்டக்ஷன் அடுப்பு இதைப் பாண்டமாகவே மதிப்பதில்லை. உள்ளே ஈயம் பூசப்படவில்லை. அது குற்றமன்று, வாலைக்கு வெறுந்தாமிரமே வேண்டும். ஆயினும் புளிப்புள்ள பொருள் பட்டால் களிம்பு இறங்கும், ஆதலால் வாங்கியவுடன் வெறும் நீரை ஒருமுறை வடித்துக் கொட்டிவிட வேண்டும், பிறகும் என்றைக்காவது வடிநீரில் பச்சையோ நீலமோ சாயல் தெரிந்தால் தயங்காமல் கீழே ஊற்றிவிட வேண்டும். துலக்குவதற்குப் புளியும் உப்பும் போதும். சுருளின் உட்புறம் கை எட்டாது, சூடான நீரை ஊற்றி ஊற்றித்தான் கழுவ முடியும், நேற்று வடித்த கொத்தமல்லி இன்று வடிக்கும் பூவில் தலைநீட்டுவது இதனால்தான்.

எல்லாவற்றினும் பெரிய இடையூறு குளிர்விக்கும் நீர். ஒரு லிட்டர் ஜலத்தை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் ஏறத்தாழ 2257 கிலோஜூல். அவ்வளவு வெப்பமும் மறுபடி ஆவி திரவமாகும்போது சுருளைச் சூழ்ந்த நீரில் இறங்கியாக வேண்டும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் கண்டிப்பான கணக்கு. ஹாரிஸ் தீவில் குழாயைத் திறந்தால் வருகிற நீர் பனியின் தங்கை. சிங்கப்பெருமாள் கோயிலில் மே மாதத்து மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதோ முப்பத்துமூன்று பாகைக்குக் குறைவதில்லை. அது ஐம்பது பாகைக்கு ஏறும்வரை தாங்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் தீநீருக்கு முப்பது லிட்டருக்கு மேற்பட்ட குளிர்நீர் ஓடியாக வேண்டும். வாளியோ ஆறேழு லிட்டர்தான் கொள்ளும். நீரை மாற்றாமல் விட்டால், சுருளின் மூக்கிலிருந்து சொட்டு விழுவதற்குப் பதிலாக வெண்புகை எழும். வாசனை போகிறது என்று அதற்கு அர்த்தம். பனிக்கட்டி வாங்கிப் போட்டேன், அது ஒரு செலவு. பின்னர் ஒரகடம் சாலையில் உள்ள பட்டறை ஒன்றில், இரண்டத்தனை நீளமுள்ள சுருளும், தண்ணீர் கீழே புகுந்து மேலே வழிந்தோடும் வாயுள்ள பெரிய வாளியும் செய்வித்து மாட்டினேன்; வழிந்த வெந்நீர் பாத்திரம் கழுவப் போயிற்று, கருவியும் அன்றுமுதல் ஒழுங்காக நடந்துகொண்டது. எரிபொருளும் அற்பமன்று, நான்கு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து அதில் ஒரு லிட்டரை வடித்தெடுக்க ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் எரிவாயு ஆகிறது.

இனி இதில் ஏறியவற்றின் சரித்திரம்.

கொத்தமல்லி விதை பரம சாது. ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, நீர் கொதித்து முதற் சொட்டு விழும்போதே, மளிகைக்கடை வாசனையைத் துறந்து, பூவும் எலுமிச்சையும் கலந்தாற்போன்றதொரு மென்மணம் எழுகிறது. அதன் எண்ணெயில் பெரும்பகுதியான லினலூல் என்னும் சரக்கு தனியே கொதிப்பதற்கு ஏறக்குறைய 198 பாகை உஷ்ணம் வேண்டும். நீரோடு சேர்ந்தாலோ, ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு திரவங்களின் ஆவியழுத்தங்கள் கூடிக்கொள்வதனால், நூறு பாகையை எட்டுவதற்கு முன்பே ஆவியில் ஏறிவிடுகிறது. வாலை என்னும் கருவியின் ரகசியம் முழுவதும் இந்தக் கூட்டுறவில்தான் இருக்கிறது. ஜின்னில் ஜூனிப்பருக்கு அடுத்த ஸ்தானம் கொத்தமல்லி விதைக்கு ஏன் கிடைத்தது என்பதும் இந்த ஒரு சொட்டிலேயே விளங்கிவிடுகிறது.

தாழம்பூவுக்கு நான் அதிக நாள் காத்திருக்க நேர்ந்தது. கோவளத்திற்குத் தெற்கே கடற்கரையை ஒட்டியும் பக்கிங்ஹாம் கால்வாயின் கரைமேலும் வேலியாய் அடர்ந்திருந்த தாழைகள், விடுதிகளும் மனைப்பிரிவுகளும் பெருகப் பெருக, இப்போது துண்டு துண்டாகத்தான் நிற்கின்றன. அதிலும் மணமுள்ளது ஆண் மரத்தின் பூக்குலையே. மழைக்கால ஆரம்பத்தில், சதுரங்கப்பட்டினத்தருகே ஒரு குப்பத்தில், முள்ளுக்கும் பாம்பு பற்றிய பேச்சுக்கும் அஞ்சாத ஒருவர் விடியுமுன் பறித்துத் தந்த மடல்களைத் துணியில் சுற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவை தம் செல்வத்தில் ஒரு பகுதியைச் சகபிரயாணிகளுக்குத் தானம் செய்துவிட்டன. கஞ்சத்தில் காலையில் பறித்த பூவை அன்றைக்கே வாலையில் ஏற்றுகிறார்கள் என்பதன் நியாயம் அப்போது புரிந்தது.

மடல்களை நறுக்கி மூழ்க நீர்விட்டு, தீயை மிகவும் தணித்து வைத்தேன். முதலில் விழுந்த கால் லிட்டரில், பூவில் இல்லாத ஒரு தெளிவு, தேனும் பச்சைப்புல்லும் கலந்ததுபோன்ற, சற்றே தலைகனக்கச் செய்கிற இனிமை, முழுமையாக வந்து இறங்கியது. அரை லிட்டரைக் கடந்ததும் வெந்த இலையின் நாற்றம் தலைகாட்டியது, அத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. எங்கே வெட்டுவது என்பதை மூக்கைத்தவிர வேறெந்த மானியாலும் அறிய முடியாது. தாழம்பூ மணத்தின் பெரும்பங்கு ஃபினைல் எத்தில் மெத்தில் ஈதர் என்னும் ஒரே சரக்கு. அது இலகுவில் ஆவியாவது, ஆதலால் முன்வரிசையில் வந்துவிடுகிறது. அந்தத் தீநீரில் இரண்டு கரண்டியைக் குளிர்ந்த சோடாவில் விட்டு, ஒரு துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குடித்தால், மதுவென்று ஒரு துளி இல்லாமலே ஜின்னுக்குரிய கம்பீரத்தில் பாதி அதில் இருக்கிறது. அயன் முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்னதற்காகச் சிவபூஜையிலிருந்து விலக்கப்பட்ட பூ இது என்பது புராணம். வாலையில் அது உண்மையையே பேசுகிறது. மிட்டாய்க்காரர்களும் பிரியாணிக்காரர்களும் சிறு சீசாக்களில் வாங்குகிற 'கேவ்ரா' நீர் இதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். அவற்றிற் பல செயற்கை வாசனை.

கறிவேப்பிலை ஏமாற்றிவிட்டது. கைநிறையக் கொழுந்து போட்டும், வந்தது பச்சிலை வெந்த நீரின் வாசம்தான். தாளிப்பில் நாசியைத் துளைக்கிற அந்த உறைப்பு காணவில்லை. கறிவேப்பிலையின் விசேஷ மணத்திற்கு முக்கிய ஆதாரம் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் என்று ரசாயனிகள் கண்டிருக்கிறார்கள். கந்தகச் சேர்மங்களைப் பற்றி இழுத்துக்கொள்வது தாமிரத்தின் சுபாவம். விஸ்கி வடிப்போர் தாமிரத்தை விடாமல் பிடித்திருப்பது, புளித்த ஊறலின் துர்மணத்தை அது இவ்வாறு அகற்றுவதால்தான். வேண்டாத மணத்தை நீக்கும் குணமே இங்கே வேண்டிய மணத்தையும் விழுங்கிவிட்டது போலும். இந்த இலையைக் கொழும்பார் என்ன செய்து வசப்படுத்தினார்கள் என்று வியந்தேன். சாராயத்தில் ஊறவைத்துப் பிறகு வடிப்பதில் ஏதோ சலுகை இருக்கவேண்டும்.

வெட்டிவேர் விஷயத்தில் அந்தச் சலுகை இன்னதென்று தெளிவாகிவிடுகிறது. கடலூர்க் கடற்கரை மணலில் பயிராகும் நல்ல வேர்க்கட்டு ஒன்றை வாங்கி, துணுக்குகளாக்கி ஓரிரவு ஊறவைத்துப் பகல் முழுவதும் காய்ச்சியும், நீரின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமும், ஈரமண்ணை நினைவூட்டும் மெல்லிய மணமும்தான் கிட்டின. வெட்டிவேர் எண்ணெய் கனத்தது, சோம்பலானது. எண்ணெய் இறக்குவோர் ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் ஆவி செலுத்துவது உண்டு. வீட்டு எரிவாயுவில் அதைச் செய்ய முனைவது விவேகமன்று. ஒரு முடிச்சு வேரை மண்பானைத் தண்ணீரில் போட்டுவைக்கிற நம் பாட்டிமார் வழக்கம் இந்தக் கருவியைச் சுலபமாகத் தோற்கடித்துவிடுகிறது. இதே எண்ணெயைப் பாதிக்குமேல் சாராயமுள்ள திரவம் கரைத்து ஏந்திக்கொள்ளும், நீர் ஏந்தாது. ஜின் ஏன் சாராயத்தில் செய்யப்படுகிறது என்பதற்குப் போதையைத் தவிர வேறொரு காரணமும் இருப்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வயல்காரர்கள் களையென்று வெறுக்கிற கோரைக்கிழங்கு மட்டும், உலர்த்தி இடித்துப் போட்டபோது, வெட்டிவேரின் தம்பி என்று சொல்லத்தக்க ஒரு மண்வாசனையை அதைவிடத் தாராளமாகத் தந்தது. விலையும் இல்லை, வரப்பில் பிடுங்கிக்கொள்ளலாம்.

கடலோர ஜின் என்று சீசாவின்மேல் அச்சிடுகிறவர்கள் உப்புக்காற்று, அலை என்றெல்லாம் வருணிப்பது வழக்கம். அதைச் சோதிக்க, உப்பளத்து வரப்புகளில் சிவந்து படர்கிற உமரிக்கீரையை வாலையில் ஏற்றினேன். பச்சையாக மென்றால் நாக்கில் கடல் ஏறுகிற அந்தக் கீரையிலிருந்து வந்த தீநீரில் உப்பின் சாயலே இல்லை. இருக்கவும் முடியாது, உப்பு ஆவியில் ஏறாத வஸ்து, அடிக்கலத்திலேயே அது தங்கிவிடுகிறது. எங்கள் கரையிலேயே இதற்குப் பிரம்மாண்டமானதொரு சாட்சி நிற்கிறது. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், அணுமின் நிலையத்தின் நீராவி வெப்பத்தைக் கொண்டு கடல்நீரைப் படிப்படியாக ஆவியாக்கி, நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டர் நன்னீர் வடிக்கத்தக்கதாக ஓர் ஆலை அமைத்தார்கள். சற்று வடக்கே நெம்மேலியில் 2013 முதல் சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் நிலையமும் கடல்நீரையே நன்னீராக்குவதுதான். ஆயினும் அங்கே சவ்வினூடே அழுத்தித் தள்ளுகிறார்கள், ஆவிக்கு வேலையில்லை. கல்பாக்கத்தது வங்காள விரிகுடாவைக் காய்ச்சுகிற வாலை என்றே சொல்லலாம். அதிலிருந்து சொட்டும் நீரில் கடல் இல்லை. ஆகவே கடலோர ஜின்னில் கடல் என்று நம் நாக்கு கண்டுகொள்வது அந்த மண்ணில் வேரூன்றிய பாசியின், தாழையின், புல்லின் எண்ணெய்தான். உப்பு வேண்டுமென்றால் கோப்பையில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ள வேண்டியதே.

கல்பாக்கத்துக்கு அருகிலேயே சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை கிடக்கிறது. ஜூனிப்பர் மணமூட்டிய ஜெனீவர் என்னும் பானம் ஒல்லாந்தருடையது; ஆங்கிலேயர் அதைக் கற்றுக்கொண்டு பெயரைச் சுருக்கி ஜின் ஆக்கினார்கள். துணி வாங்குவதற்கென்று பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பண்டகசாலை வைத்து, கடலைப் பார்த்தபடி செங்கற்கோட்டை கட்டி, சித்திர வேலைப்பாடுள்ள கல்லறைகளின் கீழே உறங்குகிற அந்த ஒல்லாந்தர், கப்பலில் தங்கள் தேசத்துப் பானத்தைக் கொண்டுவராமல் இருந்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். கோட்டை வாசலுக்கு வெளியே மணத்துக்கொண்டிருந்த தாழையை அதில் போட்டுப் பார்க்க அவர்களில் எவருக்காவது தோன்றியதா என்று கேட்டுப் பதில் பெற இனி வழியில்லை. தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற வடிசாலைகளுக்கோ இன்றும் அந்த யோசனை உதித்ததாகத் தெரியவில்லை. டாஸ்மாக் அலமாரியில் ஜின் என்று இருப்பவற்றுள் நான் கண்டவை, எந்த ஊரின் வாசனையும் அறியாத சாமானிய ஜின்கள்தான்.

கருவிக்கு வருவோம். நடுத்தரக் கைப்பேசி ஒன்றின் விலையாகிறது. அதற்குமேல் பட்டறைச் செலவு. மூலிகைத் தீநீரைச் சோடாவிலோ மோரிலோ பாயசத்திலோ சேர்த்துக்கொள்ளும் ரசனையும், ஒரு பிற்பகல் முழுவதும் அடுப்பருகே மூக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொறுமையும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். பன்னீருக்காக மட்டுமென்றால் கடையில் கிடைப்பதே மலிவு. ஐந்து லிட்டருக்குச் சிறியதை வாங்க வேண்டாம், பூவைத் திணித்தபின் நீருக்கு இடமிராது. வாங்குமுன், சுருளின் நீளத்தையும் குளிர்வாளியின் அளவையும் இரட்டிப்பாக்கித் தருவார்களா என்று விற்பவரைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தர மறுத்தால் கலத்தையும் தலையையும் மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதை உள்ளூர்ப் பட்டறையில் செய்வித்துக்கொள்வது உத்தமம். சித்திரை, வைகாசி மாதங்களில் விடியற்காலையில் வடியுங்கள், தொட்டி நீர் அப்போதுதான் சற்று இறங்கியிருக்கும்.